அறுபது கெஜத்து மானுக்கு எவ்வளவு பெரிய தோட்டா வேண்டும்?

நான் இருப்பது அமெரிக்காவில், ஒஹாயோ மாநிலத்தின் தென்கிழக்கில், ஆதென்ஸ் பக்கத்து மலைச்சரிவில். மரங்கள் நெருக்கமாக வளர்ந்த, ஓடைப் பள்ளங்கள் நிறைந்த இடம். இங்கே மான் கண்ணில் படுவதே இருபது கெஜத்திலிருந்து எண்பது கெஜத்துக்குள்தான். நூறு கெஜத்தில் ஒரு மான் நின்றால் அது எங்களுக்குத் தூரத்து மான். நாங்கள் போட்ட அவரையும் வெண்டையும் ஒரு வருஷம்கூட முழுசாக அடுப்படிக்கு வந்ததில்லை. வெள்ளைவால் மான்கள் அவ்வளவு இருக்கின்றன. பயிற்சி வகுப்பை முடித்து உரிமம் எடுத்துக்கொண்டு, பருவத்தில் வேட்டையாடி, இறைச்சியை வீட்டுக்குக் கொண்டுவருவது இந்தப் பக்கம் ஆண் பெண் எல்லாரும் செய்கிற காரியம். நம் ஊரில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம்; அது அப்படியே இருக்க வேண்டும் என்று நினைப்பவள்தான் நான். அதனால் இதை எழுதுவது இங்கே உரிமத்தோடு காட்டுக்குப் போக நினைக்கும் தமிழர்களுக்கு மட்டும். எனக்கு முன்னால் இதைத் தமிழில் யாராவது சொல்லியிருந்தால் எனக்குப் பணம் மிஞ்சியிருக்கும், ஒரு மான் அப்படிச் செத்திருக்காது.

முதலில் குடியேற்ற விஷயம். கிரீன் கார்டு உள்ளவர்களும் குடியுரிமை பெற்றவர்களும் மற்றவர்களைப் போலவே ரைஃபிள் வாங்கலாம். எச்1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை ஃபெடரல் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையில் இருந்தால் அதற்கு ஒரு விலக்கு உண்டு. உரிமம் இல்லாமல் நண்பருடைய துப்பாக்கியைச் சும்மா சுட்டுப் பார்ப்பதுகூட அந்தத் தடையில் அடங்கும். விசாவில் இருப்பவர்கள் வக்கீலிடம் கேட்காமல் கடைப் பக்கமே போகாதீர்கள். குடும்பத்தின் எதிர்காலமே அதில் மாட்டிக்கொள்ளும்.

அடுத்து மாநிலச் சட்டம். யூடியூபில் பார்க்கும் அறிவுரை எல்லாம் இங்கே பயன்படாமல் போவதற்கு இதுதான் காரணம். டெக்சாஸ்காரர் ஒருவர் .308 தோட்டா (இந்த எண் அங்குலக் கணக்கில் குண்டின் தோராய விட்டம்) நல்லது என்பார், மொன்டானாக்காரர் .270 என்பார். ஒஹாயோவில் மானுக்கு அந்த ரைஃபிள்களை எடுத்துப் போக முடியாது. இங்கே பல காலமாக ஷாட்கன்னும், குழலின் வாய்வழியாக வெடிமருந்து கெட்டிக்கும் துப்பாக்கியும்தான் பிரதானம். 2014இலிருந்து ரைஃபிளும் அனுமதி, ஆனால் நேர்ச்சுவர்த் தோட்டா மட்டும்: குண்டின் விட்டம் .357இலிருந்து .50 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும், பித்தளைக் கூடு கழுத்தில் சுருங்காமல் அடியிலிருந்து வாய்வரை நேராகப் போக வேண்டும். கழுத்து சுருங்கிய தோட்டாக்களில் மருந்து அதிகம், குண்டு மெலிசு. தவறிப் போன குண்டு ரொம்ப தூரம் பறக்கும். நேர்ச்சுவர்த் தோட்டாவின் தடித்த குண்டு சீக்கிரம் வேகம் இழந்து விழுந்துவிடும். பண்ணை வீடுகள் சிதறிக் கிடக்கிற மாநிலத்துக்கு இந்த விதி பொருத்தம்தான். அமெரிக்கக் காடுகளில் நூறு வருஷத்துக்கு மேலாக மான் வீழ்த்திவரும் .30-30 வின்செஸ்டரே கழுத்து சுருங்கியது என்பதால் இங்கே கூடாது. ஒஹாயோ ஆற்றைத் தாண்டி மேற்கு வர்ஜீனியாவுக்குள் போனால் அதே .30-30 தாராளமாகச் செல்லும். ஆகவே எந்தத் தோட்டா நல்லது என்று யாரிடமாவது கேட்பதற்கு முன் உங்கள் மாநிலத்தின் அந்த வருஷத்து விதிப் புத்தகத்தைப் படியுங்கள். விதிகள் மாறிக்கொண்டே இருக்கின்றன.

இவ்வளவும் படித்துவிட்டுத்தான் கடைக்குப் போனேன். கவுண்டரில் இருந்தவர் அன்பாகத்தான் பேசினார். "காட்டுக்குள்ளேயா? அப்ப பெரிசா போங்க. புதர் குறுக்கே இருந்தாலும் கிழித்துக்கொண்டு போகும். அடிச்ச இடத்தில் விழும்," என்று .450 புஷ்மாஸ்டரைக் கையில் கொடுத்தார். இரண்டரை கிலோவுக்குக் கொஞ்சம் கூடுதலான எடை, குட்டைக் குழல், தூக்க லேசாக இருந்தது. என் உடல் எடை ஐம்பது கிலோவுக்குப் பக்கம். லேசான துப்பாக்கி எனக்கு வசதி என்று அவரும் சொன்னார், எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ரைஃபிள் 620 டாலர், குறிபார்க்க அதன் மேல் மாட்டும் தொலைநோக்கியான ஸ்கோப் 240, தோட்டா இருபது கொண்ட பெட்டி 46. லேசான துப்பாக்கியில் பெரிய தோட்டா போட்டால் உதை முழுவதும் தோளுக்குத்தான் வரும் என்று அந்த மேசையில் யாரும் சொல்லவில்லை.

.450 புஷ்மாஸ்டர் 250 கிரெய்ன் (சுமார் 16 கிராம்) எடையுள்ள குண்டை நொடிக்கு 2200 அடி வேகத்தில் தள்ளுகிறது. வாய்முனையில் கிட்டத்தட்ட 2700 அடி-பவுண்டு ஆற்றல். மானுக்கு நூறு கெஜத்தில் ஆயிரம் அடி-பவுண்டு இருந்தால் போதும் என்பது வேட்டைக்காரர்கள் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. மிச்ச ஆற்றல் எல்லாம் மானுக்கு வெளியே மண்ணில் போய் முடிகிறது, அதற்கான விலையை நம் தோள் கொடுக்கிறது. பயிற்சித் திடலில் முதல் குண்டிலேயே கண்ணில் நீர் வந்துவிட்டது. உதையைக் குறைக்கக் குழல் முனையில் ஒரு பிரேக் மாட்டியிருந்தார்கள். அது வாயுவைப் பக்கவாட்டில் திருப்பிவிடுவதால் சத்தம் இன்னும் மோசம். காதுச் செருகியும் காது மூடியும் சேர்த்துப் போட்டும் தலை கிண்ணென்றது. தோளில் ஊன்றும் துப்பாக்கிக் கட்டையின் நீளம் ஆறடி ஆணுக்கு அமைந்தது. என் கைக்கு அது நீளம், அதனால் கழுத்தை முன்னால் நீட்டித்தான் ஸ்கோப்பில் பார்க்க முடிந்தது. ஒருமுறை உதைத்தபோது ஸ்கோப்பின் விளிம்பு புருவத்தில் பிறை வடிவில் வெட்டிவிட்டது. தையல் போட்ட செலவு, காப்பீடு போக, 180 டாலர்.

வெட்டுக் காயம் ஆறிவிட்டது. ஆறாமல் நின்றது வேறு. விசையை அழுத்தும் கணத்தில் கண் தானாக மூடும், தோள் முன்னால் தள்ளும். இங்கே இதை ஃப்ளிஞ்ச் என்பார்கள். உடம்பு வலியை எதிர்பார்த்துத் தன்னைக் காத்துக்கொள்வதுதான் அது. வீரம், கோழைத்தனம் எதுவும் அதில் இல்லை. ஐம்பது கெஜத்தில் ஒரு சாப்பாட்டுத் தட்டுக்குள் நிற்க வேண்டிய குண்டுகள் எனக்கு ஒன்று இடமும் ஒன்று கீழேயுமாகப் போயின. போகப் போகப் பழகிவிடும் என்றார்கள். பழகவில்லை, கூடியது. உதையால் வந்த ஃப்ளிஞ்ச் அதே உதையைத் திரும்பத் திரும்ப வாங்குவதால் போகாது. இதை மட்டும் யாராவது அன்றே சொல்லியிருக்கலாம்.

நன்றி நவிலல் நாளுக்கு (தேங்க்ஸ்கிவிங்) அடுத்த திங்கட்கிழமை இங்கே துப்பாக்கிப் பருவம் தொடங்கும். அந்தப் பருவத்தில் ஒரு சாயங்காலம், வெளிச்சம் இருக்கும்போதே, ஒரு பெண்மான் ஓடைக்கரைக்கு ஏறி வந்தது. சுமார் அறுபது கெஜம், பக்கவாட்டாக நின்றது. எந்தத் தோட்டாவுக்கும் எளிதான குறி. சுட்டேன். மான் துள்ளவில்லை, முதுகைக் கூனிக்கொண்டு மெல்ல நடந்து புதருக்குள் போனது. அந்த நடையின் அர்த்தம் எனக்கு அப்போது தெரியாது. இதயத்திலோ நுரையீரலிலோ பட்ட மான் பெரும்பாலும் உதைத்துத் துள்ளிப் பாய்ந்து நூறு கெஜத்துக்குள் விழும். முதுகைக் கூனிக்கொண்டு நடந்தால் குண்டு வயிற்றில் பட்டிருக்கிறது. அப்போது உடனே பின்னால் போகக் கூடாது. ஆறு மணி நேரமாவது, முடிந்தால் இன்னும் கூடுதலாக, விட்டுவிட வேண்டும். விட்டால் பக்கத்திலேயே படுத்து அங்கேயே அடங்கும். துரத்தினால் எழுந்து எழுந்து வெகுதூரம் போய்விடும். நான் டார்ச்சை எடுத்துக்கொண்டு உடனே போனேன். தரையில் ரத்தம் கொஞ்சம்தான், அதோடு அரைபட்ட தழைத் துணுக்குகள், ஒரு நாற்றம். இரண்டு தடவை என் முன்னால் அது எழுந்து போகும் சத்தம் கேட்டது. அப்புறம் மழை பிடித்துக்கொண்டது, தடமும் கரைந்துவிட்டது.

நான் வேட்டைக்குப் போகப் போகிறேன் என்று சொன்ன அன்று அம்மா போனில், "ஏண்டி, உனக்கு எதுக்கு இந்தப் பாவம்?" என்று கேட்டிருந்தாள். கடையில் வாங்கும் ஆட்டுக்கறிக்கும் இதற்கும் என்னம்மா வித்தியாசம் என்று பதில் சொன்னேன். அந்த இரவு நனைந்த காட்டில் நின்றபோது வித்தியாசம் புரிந்தது: இந்த உயிர் எவ்வளவு நேரம் வலிப்பட வேண்டும் என்பது என் கையில் இருந்தது, என் கை நடுங்கியது. அழுகை வந்தது. யாரையும் கூப்பிடத் தோன்றவில்லை. என் கணவர் ஊரில் இல்லை.

தடம் பக்கத்து நிலத்துக்குள் போயிருந்தது. ஒஹாயோவில் அடுத்தவர் நிலத்தில் வேட்டையாட எழுத்தில் அனுமதி வேண்டும், அடிபட்ட மானின் பின்னால் போவதற்கும் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும். இருட்டில் அந்த நிலத்துக்காரர் வீட்டுக் கதவைத் தட்டினேன். வயதானவர், அதற்கு முன் கையசைப்பு மட்டும்தான் பழக்கம். காலையில் போவோம் என்றார். விடிந்ததும் அவருக்குத் தெரிந்த ஒருவரின் நாயைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு போனோம். அடிபட்ட மானைக் கயிற்றில் கட்டிய நாயை வைத்துத் தேட இங்கே அனுமதி உண்டு. முன்கூட்டியே இப்படி ஒருவரின் எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மான் கிடைத்தது, ஆனால் கொயோட்டிகள் (ஓநாய் இனத்துக் காட்டு விலங்குகள்) எங்களுக்கு முன்னால் வந்துவிட்டிருந்தன. எடுத்துவர எதுவும் மிஞ்சவில்லை.

அந்தப் பெரியவர் என்னிடம் ஒரு வார்த்தைகூடக் குற்றம் சொல்லவில்லை. என் ரைஃபிளை வாங்கித் தோளில் வைத்துப் பார்த்துவிட்டு, "இது காட்டெருமைக்கு ஆகும், உனக்கு எதற்கு?" என்று மட்டும் கேட்டார். பனிக்காலம் முடிந்ததும் தன்னுடைய .350 லெஜண்ட் ரைஃபிளைக் கொண்டுவந்து கையில் கொடுத்தார். அவருடைய பேத்திக்காக வாங்கியதாம்.

.350 லெஜண்ட், வின்செஸ்டர் நிறுவனம் 2019இல் கொண்டுவந்த தோட்டா. நேர்ச்சுவர் விதி உள்ள மாநிலங்களை மனதில் வைத்தே செய்யப்பட்டது. 150 கிரெய்ன் குண்டு, நொடிக்கு 2325 அடி, வாய்முனையில் 1800 அடி-பவுண்டு. நூறு கெஜத்தைத் தாண்டியும் அந்த ஆயிரம் அடி-பவுண்டுக் கணக்குக்கு மேலேயே நிற்கிறது. உதை .450இல் பாதிகூட இல்லை. முதல் குண்டைச் சுட்டுவிட்டு நான் அடுத்ததற்காகக் கண்ணை இறுக்கிக்கொண்டு காத்திருந்தேன், ஏனென்றால் வரவேண்டியது இன்னும் வரவில்லை என்றே தோன்றியது. பெரியவர் எனக்குத் தெரியாமல் நடுநடுவே வெற்றுக் கூட்டைப் போட்டுக் கொடுத்தார். மருந்தில்லாத கூட்டில் விசையை அழுத்தும்போது குழல் முனை துள்ளினால் அது துப்பாக்கியின் உதை அல்ல, நம் உடம்பின் பயம். அதை நானே கண்ணால் பார்த்த பிறகுதான் சரிசெய்ய முடிந்தது. வீட்டில் போலித் தோட்டா போட்டு, சுவரில் ஒரு புள்ளியைப் பார்த்து விசை அழுத்திப் பழகினேன். அதற்குக் காசு செலவே இல்லை. பழகுகிற அந்த அறைக்குள்ளேயே உண்மைத் தோட்டா இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

வெள்ளைவால் மானின் இதயமும் நுரையீரலும் சேர்ந்த பகுதி சுமார் எட்டு அங்குல வட்டம். நூறு கெஜத்துக்குள் அந்த வட்டத்தில் நல்ல குண்டை வைத்தால் .350 லெஜண்ட், .44 மேக்னம், .45-70 எதுவானாலும் மான் விழும். வட்டத்துக்கு வெளியே வைத்தால் .450ஆலும் நம்மைக் காப்பாற்ற முடியாது. கிட்டத்து வேட்டையில் தோட்டாவின் பலம் ஒரு பிரச்சினையே இல்லை. நம்மால் கண் மூடாமல் சுட முடிகிற, சட்டம் அனுமதிக்கிற, மிக மென்மையான தோட்டா எது என்று பாருங்கள். புதரைக் கிழித்துக்கொண்டு போகும் என்பதை மட்டும் நம்பவே நம்பாதீர்கள். விரல் தடிமன் குச்சி எந்தக் குண்டையும் திருப்பிவிடக்கூடும், பெரியதையும் சேர்த்து. குறுக்கே குச்சி இருந்தால் சுடக் கூடாது. மான் ஒரு அடி நகரும்வரை காத்திருக்க வேண்டும்.

தோட்டாவின் பெயரைவிட அதன் முன்னால் இருக்கும் குண்டு முக்கியம், கடையில் இதைப் பற்றி யாரும் பேச்சே எடுப்பதில்லை. கிட்டத்தில் குண்டு முழு வேகத்தோடு வந்து இடிக்கிறது. குண்டு மெலிசாகவும் மென்மையாகவும் இருந்தால் தோள் எலும்பிலேயே சிதறி, உள்ளே போகாமல் மேலேயே பெரிய புண்ணாக்கிவிடும்; சப்பை இறைச்சி முழுக்க ரத்தம் கட்டி வீணாகும். .243 போன்ற வேகமான தோட்டாவில் லேசான குண்டு போட்டுக் கிட்டத்தில் சுட்டவர்கள் இதைத்தான் சொல்வார்கள். மிதமான வேகம், கொஞ்சம் கனம், விரிந்தாலும் உடையாத அமைப்பு, இவைதான் வேண்டும். ஈயமும் உறையும் ஒட்டிப் பிணைத்த குண்டு நல்லது. முழுச் செம்புக் குண்டும் நல்லது, இறைச்சியில் ஈயத் துகள் இருக்காது. குழந்தைகளுக்கும் சமைத்துப் போடுகிறோம் என்பதால் நான் இப்போது அதைத்தான் வாங்குகிறேன். முழு உறை போட்ட மலிவுக் குண்டு பயிற்சித் திடலோடு சரி. அது விரியாது, ஊசி போலத் துளைத்துக்கொண்டு வெளியேறிவிடும், மான் ஓடிப்போய் எங்கோ சாகும். அந்த மலிவுத் தோட்டாவும் வேட்டைத் தோட்டாவும் ஒரே இடத்தில் படும் என்றும் எண்ண வேண்டாம். என் ரைஃபிளில் இரண்டுக்கும் நூறு கெஜத்தில் மூன்று அங்குல வித்தியாசம். பழகுவதற்கு மலிவு, ஸ்கோப்பைச் சரிபார்க்க வேட்டைத் தோட்டா என்று வைத்துக்கொள்ளுங்கள்.

விசைக்குக் கீழே உள்ள நெம்புகோலை இழுத்துத் தோட்டா ஏற்றும் லீவர் ரைஃபிள் மேல் ஆசை இருப்பவர்கள் .44 மேக்னமோ, 2023இல் வந்த .360 பக்ஹாமரோ பார்க்கலாம், இரண்டும் ஒஹாயோவில் செல்லும். இந்த ரைஃபிள்கள் பலவற்றில் குழலுக்கு அடியில் இருக்கும், தோட்டா நிரப்பும் குழாய் மேகசினில் தோட்டாக்கள் ஒன்றின் பின்னால் ஒன்றாக முனையும் அடியும் தொட்டுக்கொண்டு நிற்கும். கூர்முனைக் குண்டு முன்னால் உள்ள தோட்டாவின் அடியில் குத்தி வெடிக்கக்கூடும். அதனால் தட்டை முனையோ, அதற்கென்றே செய்த ரப்பர் போன்ற மென்முனையோதான் போட வேண்டும். மேகசினில் எத்தனை கொள்ளும் என்பது வேறு, ஒஹாயோ மான் வேட்டையில் குழலின் அடியறையில் இருப்பதும் மேகசினில் இருப்பதும் சேர்த்து மூன்று தோட்டாவுக்கு மேல் கூடாது. .45-70 என்பது 1873இல் அமெரிக்க ராணுவத்துக்காக வந்த தோட்டா, மரியாதைக்குரியது, ஆனால் உதைக்கும். உடல் திடமானவர்கள் முதலில் கடன் வாங்கிச் சுட்டுப் பார்த்து முடிவு செய்யட்டும்.

ஸ்கோப்பிலும் எனக்குப் பணம் போனது. முதலில் விற்றது நான்கிலிருந்து பன்னிரண்டு மடங்கு பெரிதாக்குவது. நான்கு மடங்கில் இருபது கெஜத்து மானைப் பார்த்தால் கண்ணாடி முழுக்கப் பழுப்பு ரோமம்தான் தெரியும், அது விலாவா தொடையா என்று தெரியாது. காட்டுக்கு ஒன்றிலிருந்து நான்கு மடங்கோ, இரண்டிலிருந்து ஏழோ போதும். ஒளி மங்கும் நேரத்தில் குறைந்த மடங்கில் காட்சியும் வெளிச்சமாக இருக்கும். அப்புறம், ஸ்கோப் குழலுக்கு மேலே ஒன்றரை அங்குலம் உயரத்தில் இருக்கிறது. நூறு கெஜத்துக்குச் சரிசெய்த ரைஃபிள் பதினைந்து கெஜத்தில் சுமார் ஒரு அங்குலம் தாழ்த்திச் சுடும். மானுக்கு அது பெரிய விஷயம் இல்லை, ஆனால் மெல்லிய இடைவெளி வழியாகச் சுடும்போது நினைவில் இருக்க வேண்டும்.

பழைய ரைஃபிளைத் திருப்பிக் கொடுத்தபோது கிடைத்தது 390 டாலர். ஸ்கோப்புக்கு 110. தோட்டாப் பெட்டிகளை யாரும் திருப்பி எடுக்கமாட்டார்கள், பெரியவருக்குத் தெரிந்த ஒருவர் பாதி விலைக்கு வாங்கிக்கொண்டார். தையல் செலவும் சேர்த்தால் அறுநூறு டாலருக்கு மேல் கரைந்தது. புதிதாக வாங்கிய .350இல் நான் முதலில் பார்த்தது கட்டையின் நீளத்தைத்தான். முழங்கையை மடக்கி, கட்டையின் பின்பகுதியை முழங்கை மடிப்பில் வைத்தால் விசையில் விரல் இயல்பாக வந்து படிய வேண்டும். இளையவர்களுக்கென்று வரும் குட்டைக் கட்டை எனக்குப் பொருந்தியது. வெட்கப்பட ஒன்றும் இல்லை. மூன்று கிலோவுக்கு மேல் இருக்கும் ரைஃபிளாகவே தேடி எடுத்தேன். சுமக்கக் கொஞ்சம் கனம், சுட இதம்.

அடுத்த பருவத்தில் நாற்பது கெஜத்தில் ஒரு பெண்மான் வந்தது. சுட்ட பின்னும் ஸ்கோப்புக்குள் மான் தெரிந்துகொண்டே இருந்தது, கண் மூடவில்லை. முப்பது கெஜம் ஓடி விழுந்தது. குண்டு இரண்டு நுரையீரலையும் துளைத்து மறுபக்கம் வெளியேறியிருந்தது, ரத்தம் கட்டிய இறைச்சி ஒரு கைப்பிடிகூட இல்லை. பெரியவர் வந்து உரிக்கக் கற்றுக்கொடுத்தார். மறுநாள் நண்பகலுக்குள் மாநிலத்தின் கணக்கில் பதிவு செய்ய வேண்டும் என்று நினைவுபடுத்தியதும் அவர்தான்.

வாங்கப் போகிறவர்கள் தோட்டாவை ஆகஸ்டுக்குள் வாங்கிவிடுங்கள். அக்டோபர் முடிவில் நேர்ச்சுவர்த் தோட்டாக்களில் பிடித்த குண்டு கிடைப்பது கஷ்டம், கிடைத்ததை வாங்கினால் மறுபடி ஸ்கோப்பைச் சரிசெய்ய வேண்டியிருக்கும். பெட்டியின் ஓரத்தில் தொகுதி எண் அச்சிட்டிருப்பார்கள். ஒரே எண் உள்ளதாக மூன்று பெட்டி எடுத்தால் சரிபார்க்க ஒன்று, வேட்டைக்கு இரண்டு. பெட்டியில் உள்ள பெயரும் குழலில் பொறித்த பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். பருவத்துக்கு முந்தின வாரம், ரைஃபிளை வண்டியில் கொண்டுபோய் இறக்கிய பிறகு, வேட்டைத் தோட்டாவில் மூன்று மட்டும் சுட்டுப் பாருங்கள்.